லேத் ஸ்பிண்டிலுக்கு ஏசி சர்வோ மாட்டுவது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

சர்வோவை (தன் வேகத்தையும் நிலையையும் அளந்து திருத்திக்கொண்டே ஓடும் மோட்டார், அதை இயக்கும் டிரைவ் என்ற மின் பெட்டியோடு) வாங்கி மேஜையில் வைத்துவிட்டு "இதை எப்படி மாட்டுறது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. இந்த வேலையில் மோட்டார் வாங்குவது ஐந்தாவது படி. அதற்கு முன்னால் இருக்கும் நாலும் பேப்பர், பேனா, கால்குலேட்டர் வேலை. அதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அப்புறம் "1 எச்பி மோட்டார் இழுத்ததை 1 எச்பி சர்வோ இழுக்கமாட்டேங்குது" என்று வந்து நிற்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன லேத்தை எடுத்துக்கொள்வோம். 160 மிமீ 3 ஜா சக் (வெட்டப்படும் பொருளான ஜாபைப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடிப்பான்), 1 எச்பி 1440 ஆர்பிஎம் இன்டக்‌ஷன் மோட்டார். இரண்டு அச்சுக்கும் சிஎன்சி கன்ட்ரோலர் போட்டாயிற்று, ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) மட்டும் பாக்கி. மில்லிங் மெஷினுக்கும் வரிசை இதேதான், எண்கள்தான் மாறும்.

1. சர்வோ உண்மையிலேயே வேண்டுமா

வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும் என்றால் இருக்கிற மோட்டாருக்கு ஒரு விஎஃப்டி (மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) போடுங்கள், செலவு பாதிகூட ஆகாது. திரெட்டிங் (மரை வெட்டுவது), ரிஜிட் டேப்பிங் (ஸ்பிண்டில் சுற்றோடு டூல் நகர்வை இணைத்துத் துளைக்குள் மரை போடுவது), ஸ்பிண்டிலைக் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்துவது, சின்ன ஜாப்களை வரிசையாகப் போடும்போது சட்டென்று எடுத்து சட்டென்று நிற்பது, இதெல்லாம் வேண்டுமானால்தான் சர்வோவுக்குப் பொருள் உண்டு. இன்னொரு வசதி, 50 ஆர்பிஎம்மிலும் முழு டார்க்கில் (சுழற்றும் விசையில்) ஓடும். இன்டக்‌ஷன் மோட்டாரில் ஃபேன் அதே ஷாஃப்டில் இருப்பதால் வேகம் குறையக் குறைய காற்றும் குறைந்து சூடேறும். சர்வோவில் ஃபேனே கிடையாது, அந்தத் தொல்லை இல்லை.

இழப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய சிஎன்சி மெஷின்களின் ஸ்பிண்டில் மோட்டார் பெரும்பாலும் இன்டக்‌ஷன் வகைதான், பின்னால் என்கோடரோடு (சுற்றையும் கோணத்தையும் அளந்து சொல்லும் கருவி). அதில் காந்தப் புலத்தைக் குறைத்துக்கொண்டே போய், 1500 ஆர்பிஎம்மில் தரும் அதே கிலோவாட்டை 6000 வரைக்கும்கூட இழுத்துச் செல்ல முடியும். சர்வோவின் ரோட்டாரில் (சுற்றும் உட்பகுதியில்) இருப்பது நிரந்தரக் காந்தம், அதைக் குறைக்க அவ்வளவு இடமில்லை. 2000 ஆர்பிஎம் ரேட்டிங் உள்ள சர்வோ 3000 வரை போகும், அவ்வளவுதான். பெரிய விட்டம், ஆழமான ரஃபிங் (ஆரம்பக் கன வெட்டு), அதே மெஷினில் சின்ன விட்டத்துக்கு அதிவேகம் என எல்லாம் வேண்டுமானால் சர்வோ தவறான தேர்வு.

2. ஸ்பிண்டிலும் சக்கும் எவ்வளவு தாங்கும்

மோட்டார் எவ்வளவு சுற்றும் என்று பார்ப்பதற்கு முன்னால் சக் எவ்வளவு சுற்றலாம் என்று பாருங்கள். முகத்தில் அதிகபட்ச ஆர்பிஎம் பொறித்திருக்கும். பொறிக்காத பழைய வார்ப்பிரும்புச் சக்கை 1000க்கு மேல் கொண்டுபோக நான் சொல்லமாட்டேன். வேகம் ஏற ஏற ஜாக்கள் வெளிப்பக்கம் இழுபடும், பிடி தளரும், ஜாப் பறக்கும். ஸ்பிண்டில் பேரிங் பழைய புஷ் வகையா, டேப்பர் ரோலரா என்பதையும் இப்போதே பாருங்கள்.

அடுத்தது பலரும் யோசிக்காத விஷயம்: சக் திருகி மாட்டும் வகையா? ஸ்பிண்டில் மூக்கில் மரை இருந்து அதில் சக்கைத் திருகியிருந்தால், சர்வோ வேகமாக நிறுத்தும்போது ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் நிற்காது. தானே அவிழ்ந்து மடியில் விழும். இன்டக்‌ஷன் மோட்டார் மெதுவாக ஓய்ந்ததால் இதுவரை தெரியாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட மெஷினில் நிற்கும் நேரத்தை நீட்டிவைத்தே ஆக வேண்டும், ரிவர்ஸில் வெட்டவும் கூடாது. ஃபிளேஞ்சில் போல்ட் போட்டு மாட்டும் சக் என்றால் கவலை இல்லை.

3. டார்க் கணக்கு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கிலோவாட்டை மறந்துவிட்டு, நீங்கள் போடும் மிகக் கடினமான வெட்டை (கட்) எடுங்கள்.

80 மிமீ மைல்ட் ஸ்டீல், 1 மிமீ ஆழம், ஒரு சுற்றுக்கு 0.15 மிமீ ஃபீட் (டூல் நகரும் தூரம்) என்று வைப்போம். இந்தச் சின்ன ஃபீடில் ஒரு சதுர மில்லிமீட்டர் சிப்பை அறுக்க ஏறக்குறைய 2500 நியூட்டன் விசை வேண்டும். 1 × 0.15 × 2500 = 375 நியூட்டன். ஆரம் 40 மிமீ, ஆக ஸ்பிண்டிலில் 15 நியூட்டன் மீட்டர் டார்க். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் சுமார் 400 ஆர்பிஎம். பவர் 625 வாட்.

625 வாட் என்றதும் 750 வாட் சர்வோ போதும் என்று தோன்றும். மோட்டாரின் டார்க்கைப் போட்டுப் பாருங்கள்: 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம். 9550 × 0.75 ÷ 3000 = 2.4 நியூட்டன் மீட்டர். நமக்கு வேண்டியது 15. நேரடியாக 1:1 பெல்ட் போட்டால் டூல் தொட்டதும் டிரைவ் ஓவர்லோட் காட்டி நிற்கும். அந்த 750 வாட் 3000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும், ஆனால் ஸ்பிண்டில் ஓடுவதோ 400ல்.

பழைய 1 எச்பி மோட்டார் எப்படி இழுத்தது? 1440ல் அது தருவது 5 நியூட்டன் மீட்டர். ஸ்டெப் புல்லி அதை 400க்கு இறக்கும்போது 18 ஆக்கிக் கொடுத்தது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு அந்தப் புல்லியைக் கழற்றி எறிவதுதான். வேகத்தை எலக்ட்ரானிக்ஸ் மாற்றும், டார்க்கைப் பெருக்குவது புல்லி மட்டுமே.

நம் லேத்துக்கு நான் சொல்வது 1.5 கிலோவாட், 2000 ஆர்பிஎம், 130 மிமீ ஃபிளேஞ்ச் (பொருத்தும் முன்முகம்) மோட்டார். டார்க் 7.2. இதோடு இரண்டு படி புல்லி. 1:1ல் 2000 ஆர்பிஎம் வரை 7.2 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 20 மிமீ ஜாபுக்கு அதே கட் கேட்பது 3.75தான், தாராளம். 1:3ல் சுமார் 670 ஆர்பிஎம் வரை 21 கிடைக்கும். நம் 15க்குக் கையிருப்போடு போதும்.

கேட்டலாக்கில் பீக் டார்க் என்று இரண்டரை, மூன்று மடங்கு போட்டிருப்பார்கள். அது சில வினாடிகளுக்குத்தான், வேகமெடுக்க மட்டும். வெட்டும் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது.

4. இனர்ஷியா கணக்கு

இனர்ஷியா என்றால் சுற்றும் பொருள் தன் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு. 160 மிமீ சக் சுமார் 8 கிலோ. உள்ளே குழியில்லாத முழு வட்டு என்று வைத்தால் இனர்ஷியா ½ × 8 × 0.08² = 0.0256 கிலோ மீ². 80 மிமீ ஃபிளேஞ்ச் 750 வாட் மோட்டாரின் ரோட்டார் 0.0001 முதல் 0.0002 வரைதான். 1:1ல் மோட்டார் தன்னைவிட நூறு மடங்குக்கு மேல் கனத்தைப் பிடித்து ஆட்டவேண்டும். ட்யூனிங்கில் (டிரைவின் அமைப்பு எண்களைச் சரிசெய்வதில்) எந்த எண்ணைப் போட்டாலும் ஊசலாடும், இல்லையென்றால் சோம்பும்.

130 ஃபிளேஞ்ச் மோட்டாரின் ரோட்டார் 0.001ஐ ஒட்டி இருக்கும். 1:1ல் விகிதம் 25 மடங்கு, ஸ்பிண்டில் வேலைக்குச் சமாளிக்கலாம். 1:3ல் சக்கின் இனர்ஷியா மோட்டாருக்கு ஒன்பதில் ஒரு பங்காகத்தான் தெரியும், விகிதம் 3க்கு வந்துவிடும். ஒரே வாட்டில் குறைந்த, நடுத்தர, அதிக இனர்ஷியா என்று மோட்டார்கள் வரும். ஸ்பிண்டிலுக்கு நடுத்தரமோ அதிகமோதான். அச்சு ஓட்ட வாங்கியது கைவசம் இருக்கிறதே என்று குறைந்த இனர்ஷியா மோட்டாரை இங்கே மாட்டாதீர்கள்.

5. வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

முதலில் சப்ளை. நம் ஊர் மூன்று ஃபேஸ் 415 வோல்ட். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிரைவ்கள் 220 வோல்ட் வகை, அதில் ஆர், எஸ், டி என்று மூன்று முனை இருக்கும். மூன்று முனை இருக்கிறதே என்று 415ஐக் கொடுத்தால் அந்த நொடியே டிரைவ் போய்விடும், வாரன்டியும் கிடைக்காது. ஒன்று ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், இல்லை 400 வோல்ட் வகை டிரைவாகவே வாங்குங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 எடுத்து சிங்கிள் ஃபேஸில் ஓட்டலாம்தான், ஆனால் 1.5 கிலோவாட்டுக்கு அதை அனுமதிக்கிறார்களா, அனுமதித்தாலும் டார்க்கைக் குறைக்கச் சொல்கிறார்களா என்று அந்த மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிரேக் உள்ள மோட்டார் வேண்டாம். அது நின்ற ஷாஃப்டைப் பிடித்துவைக்கத்தான், ஓடுவதை நிறுத்த அல்ல. வெளியே மாட்டும் பிரேக்கிங் ரெசிஸ்டர் கட்டாயம் (காரணம் 12ல்). மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் சரியான நீளத்தில் ரெடிமேடாக வாங்குங்கள், வெட்டி ஒட்டுவது வேண்டாம். புல்லியைப் பிடிக்கக் கீ (புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே செருகும் சின்னத் துண்டு) இல்லாத லாக்கிங் புஷ் வாங்கினால் நல்லது. நின்று, திரும்பி, மறுபடி ஓடும் வேலையில் கீவே கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

6. மோட்டாரைப் பொருத்துதல்

புல்லியைச் சுத்தியால் தட்டி ஏற்றாதீர்கள். ஷாஃப்டின் மறுமுனையில் என்கோடர் இருக்கிறது, அடி நேராக அதற்குத்தான் போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஓடவிட்டபிறகு என்கோடர் அலாரம் வரும். ஷாஃப்ட் முனையில் மரைத் துளை இருந்தால் போல்டும் வாஷரும் வைத்து இழுத்து ஏற்றுங்கள்.

பெல்ட்டில் டைமிங் பெல்ட் (பல் உள்ளது), பாலி வி (நீளவாக்கில் வி வரிகள் உள்ள தட்டை பெல்ட்) என்று இரண்டு வழி. திரெட்டிங்கை மோட்டார் என்கோடரை நம்பிச் செய்வதென்றால் டைமிங் பெல்ட்தான், வழுக்காது. ஃபினிஷ் மட்டும் முக்கியம் என்றால் பாலி வி. டைமிங் பெல்ட்டின் பற்கள் சில மெஷினில் ஜாப் மேல் மெல்லிய வரிகளாகத் தெரியும், சத்தமும் அதிகம்.

8 எம் (பல்லுக்குப் பல் 8 மிமீ) டைமிங் பெல்ட்டில் 48/48, 24/72 என்று இரண்டு ஜோடி போட்டால் பற்களின் கூட்டல் இரண்டிலும் 96. ஆனாலும் ஒரே பெல்ட் ஒரே மைய தூரத்தில் இரண்டுக்கும் பொருந்தாது. மைய தூரம் 300 மிமீ என்றால் 24/72க்கு மாற்றும்போது மோட்டார் சுமார் 6 மிமீ உள்ளே வரவேண்டும். அதனால் மவுன்டிங் தகட்டில் துளை போடாமல் ஸ்லாட் போடுங்கள்.

24 பல்லைவிடச் சின்னப் புல்லி போடவேண்டாம். புல்லி சிறுக்கச் சிறுக்க பெல்ட் இழுப்பு கூடி மோட்டார் பேரிங் மேல் விழும். இந்த அளவு மோட்டார்களில் ஷாஃப்ட் தாங்கும் பக்கவாட்டுச் சுமை பெரும்பாலும் 500 முதல் 700 நியூட்டனுக்குள்தான். 24 பல்லில் பெல்ட் விசையே சுமார் 240 நியூட்டன், டென்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். வி பெல்ட் பழக்கத்தில் கிண்ணென்று இழுத்துக் கட்டினால் பேரிங் நாளை எண்ணவேண்டியதுதான். புல்லி ஃபிளேஞ்சை ஒட்டியே இருக்கட்டும்.

தகடு தடிமனான அலுமினியமோ ஸ்டீலோ ஆக இருக்கட்டும். மெலிந்த தகடு நடுங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கேட்டலாக் ரேட்டிங்கே மோட்டாரை நல்ல உலோகத் தகட்டில் பொருத்தி, வெப்பம் அதில் இறங்கும் என்ற கணக்கில் போட்டது.

கூலன்ட் சொட்டும் இடமென்றால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், கனெக்டருக்குள் சொட்டு இறங்காது.

7. வயரிங்

இன்டக்‌ஷன் மோட்டார் திசை மாறி ஓடினால் இரண்டு வயரை மாற்றிப் போடுவது கை தானாகச் செய்கிற வேலை. சர்வோவில் அது கூடவே கூடாது. யூ, வி, டபிள்யூ வரிசை என்கோடரோடு பொருந்தி இருக்கவேண்டும். மாறினால் மோட்டார் உதறும், அலாரம் அடிக்கும், அல்லது கட்டுக்கடங்காமல் ஓடும். திசையை மாற்றப் பாராமீட்டர் இருக்கிறது.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் வேண்டாம், கெப்பாசிட்டரும் வேண்டாம். மோட்டார் எர்த் வயர் நேராக டிரைவின் எர்த் முனைக்கு வரட்டும். என்கோடர் கேபிளை பவர் கேபிளோடு ஒரே டக்டில் போடாதீர்கள், குறுக்கிட வேண்டி வந்தால் 90 டிகிரியில் தாண்டுங்கள்.

30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) இருக்கும் லைனில் டிரைவை ஆன் செய்ததும் அது விழலாம். ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கசியும் கரன்ட்தான் காரணம். அதற்காக ஆர்சிசிபியையே தூக்கிவிடாதீர்கள். ஸ்பிண்டிலுக்குத் தனி லைன் கொடுத்து, கையேடு சொல்லும் வகையைப் போடுங்கள்.

ஆஃப் செய்த உடனே கவரைத் திறந்து கைவைக்க வேண்டாம். சார்ஜ் விளக்கு அணைந்தபிறகும் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருங்கள், உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

8. முதல் ஓட்டம் பெல்ட் இல்லாமல்

ஷாஃப்டில் கீ இருந்தால் கழற்றுங்கள், சுற்றும்போது தோட்டா மாதிரி பறக்கும். மோட்டாரைத் தகட்டில் இறுக்கிய பிறகு ஜாக் மோடில் (jog, டிரைவிலிருந்தே மெதுவாகச் சுற்றிப் பார்க்கும் மோட்) 100 ஆர்பிஎம். இரண்டு பக்கமும் சுற்றி, சத்தம் கேட்டு, அப்புறம் 1000, 2000. இங்கே சரியாக ஓடினால் வயரிங், என்கோடர் இரண்டும் சரி. பெல்ட்டோடு முதல்முறை ஓட்டிவிட்டு ஏதாவது கோளாறு வந்தால் தவறு வயரிலா, மெக்கானிக்கலிலா, ட்யூனிங்கிலா என்று கண்டுபிடிக்க நாள் முழுக்கப் போகும்.

9. வேகக் கட்டளை

பெரும்பாலான லேத்துக்கு ஸ்பீட் மோட் போதும். கன்ட்ரோலர் 0 முதல் 10 வோல்ட் தரும், 10 வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்று டிரைவில் போடுங்கள். அதே இடத்தில் அதிகபட்ச வேக எல்லையையும் சக்கின் எண்ணுக்கு ஏற்ப வையுங்கள். கன்ட்ரோலரில் யாரோ கூடுதலாக ஒரு பூஜ்ஜியம் தட்டினாலும் டிரைவ் மறுக்கும்.

ஸ்டாப் கொடுத்த பிறகும் ஸ்பிண்டில் மெல்ல ஊர்ந்தால் பயப்படவேண்டாம். 10 வோல்ட்டுக்கு 3000 ஆர்பிஎம் என்று வைத்திருந்தால், லைனில் வெறும் 10 மில்லிவோல்ட் மிச்சமிருந்தாலே 3 ஆர்பிஎம். டிரைவில் ஆஃப்செட்டைச் சரிசெய்து, ஜீரோ ஸ்பீட் கிளாம்ப்பை (வேகக் கட்டளை பூஜ்ஜியத்தை ஒட்டி வந்ததும் ஷாஃப்டைப் பிடித்துவைக்கும் அமைப்பை) ஆன் செய்யுங்கள்.

பல்ஸ், டைரக்‌ஷன் வழியாக ஓட்டுவதானால் பல்ஸ் வேகத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ், 3000 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 5 லட்சம் பல்ஸ். பேரலல் போர்ட் வைத்த கன்ட்ரோலரால் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே பெரும்பாடு. எலக்ட்ரானிக் கியரை (எத்தனை பல்ஸுக்கு ஒரு சுற்று என்ற அமைப்பை) மாற்றி ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் ஆக்குங்கள், ஸ்பிண்டிலுக்கு அது போதும்.

10. என்கோடரும் இன்டெக்ஸும்

திரெட்டிங்கில் ஒவ்வொரு பாஸும் (டூல் ஒருமுறை வெட்டிச் செல்வது) ஸ்பிண்டிலின் அதே கோணத்தில் தொடங்கவேண்டும். அந்தக் கோணத்தைச் சொல்வது இன்டெக்ஸ் பல்ஸ், என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் சிக்னல். மோட்டாரின் இன்டெக்ஸை எடுத்துக் கன்ட்ரோலருக்குக் கொடுத்தால் 1:1ல் சரியாக வரும். 1:3ல் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மோட்டார் மூன்று சுற்று, இன்டெக்ஸும் மூன்று. ஒரு பாஸ் ஒரு இடத்தில், அடுத்தது 120 டிகிரி தள்ளி. மரை வெட்டுப்பட்டு நாசமாகும். டிரைவில் எந்த அலாரமும் வராததால் பலர் இதைப் பெல்ட் வழுக்கல் என்று நினைத்துப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே போகிறார்கள்.

இரண்டு படி புல்லி போட்டிருந்தாலோ, பாலி வி போட்டிருந்தாலோ, என்கோடரை ஸ்பிண்டிலிலேயே தனியாக மாட்டுங்கள். பின்முனையில் 1:1 சின்ன டைமிங் பெல்ட் போதும். வேறு வழியே யோசிக்காதீர்கள்.

11. பெல்ட் மாட்டி ட்யூனிங்

முதலில் சக் இல்லாமல், அப்புறம் சக்கோடு. ஜாக்களை உள்ளே இறுக்கிவிட்டு கார்டை (பாதுகாப்பு மூடியை) மூடுங்கள். வேகமெடுக்கும் நேரம், நிற்கும் நேரம் இரண்டையும் 3 வினாடியில் தொடங்குங்கள். ஆட்டோ ட்யூனிங்கில் டிரைவ் இனர்ஷியா விகிதத்தைக் கண்டுபிடிக்கும். நீங்கள் 4ல் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் புல்லி தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் தொய்வு.

கெயினை (பிழையைத் திருத்த டிரைவ் எவ்வளவு வேகமாகப் பதில் தரும் என்ற எண்ணை) சிறிது சிறிதாக ஏற்றி, நின்ற நிலையில் 'ங்' என்று முனகத் தொடங்கியதும் ஒன்றிரண்டு படி இறக்குங்கள். அச்சு ஓட்டிப் பழகியவர்கள் இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று இங்கேயும் கெயினைக் கூட்டுவார்கள். ஸ்பிண்டிலில் அது ஜாப் மேல் அலைஅலையாக விழும். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஊளை கேட்டால் கெயினைத் தொடாமல் நாட்ச் ஃபில்டரை (அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் அடக்கும் அமைப்பை) போடுங்கள், அது மெக்கானிக்கல் அதிர்வு.

12. நிறுத்துவதும் எமர்ஜென்சியும்

சக் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதில் இருக்கும் சக்தி சுமார் 560 ஜூல். நிறுத்தும்போது அது டிரைவுக்குத் திரும்பி வரும். சின்ன டிரைவின் கெப்பாசிட்டர் தாங்குவது சில பத்து ஜூல்தான். மீதி போக இடமில்லாமல் ஓவர் வோல்ட்டேஜ் அலாரம் வரும், ஸ்பிண்டில் பிடியில்லாமல் தானாகச் சுற்றும். அதனால்தான் ரெசிஸ்டர். 2 வினாடியில் நிறுத்தினால் அந்த 2 வினாடியும் சராசரி 280 வாட், தொடக்கத்தில் அதைப்போல் இரு மடங்கு. நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் ஓட்டச் சராசரி 10 வாட்கூட இல்லை. டேப்பிங்கில் மாறிமாறிச் சுற்றினால் கதை வேறு. ஓம் மதிப்பு கையேட்டின் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. ரெசிஸ்டரைப் பேனலுக்கு வெளியே, கை படாத இடத்தில் வையுங்கள். டிரைவில் வெளி ரெசிஸ்டருக்கான பாராமீட்டரை மாற்றுவதும், உள் ரெசிஸ்டரின் ஜம்ப்பரைக் கழற்றுவதும் பலர் மறப்பவை.

எமர்ஜென்சி பட்டனில் நேராக சப்ளையை வெட்டும் பழக்கம் இங்கே ஆபத்து. சப்ளை போனால் டிரைவால் பிடித்து நிறுத்த முடியாது, சக் பாட்டுக்குச் சுற்றும். பட்டனை அழுத்தியதும் முதலில் குறைந்த நேரத்தில் வேகத்தை இறக்கி நிறுத்தவேண்டும், அதன்பிறகு டைமர் வைத்த சேஃப்டி ரிலே டார்க்கை வெட்டவேண்டும். அந்த "குறைந்த நேரம்" திருகு சக்கில் எவ்வளவு என்பதை 2ஐப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

13. வெட்டிப் பார்த்தல்

பாதி ஆழத்தில் தொடங்கி, டிரைவின் டிஸ்பிளேயில் டார்க் சதவீதத்தைப் பாருங்கள். தொடர்ந்து ஓடும் வெட்டில் 80ஐத் தாண்டாமல் இருக்கட்டும். 100க்கு மேல் போனால் முதலில் பெல்ட் 1:1ல் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து அறுகோணக் கம்பியை வட்டமாக்கும் கட் ஒன்று போடுங்கள். விட்டுவிட்டு இடிக்கும் இந்த வேலையில் ஸ்பிண்டில் சத்தம் ஏறி இறங்கினால் கெயின் குறைவு. கடைசியாக 1.5 பிட்ச் மரை ஒன்று. கன்ட்ரோலர் தாங்கினால் பாதிப் பாஸில் வேகத்தை மாற்றிப் பாருங்கள், மரை கலையாமல் வரவேண்டும். அரைமணி நேரம் ஓடியபிறகு மோட்டாரைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு இருக்கலாம், சர்வோவுக்கு அது சகஜம். டிரைவ் ஓவர்லோட் காட்டாதவரை விட்டுவிடுங்கள். ஆனால் ஃபிளேஞ்ச் பக்கம் மட்டும் தனியாகச் சுட்டால் பெல்ட் டென்ஷனைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.